நாலாவது நோட்டு

திருவள்ளூர்,
4-8-1974

அன்புத் தங்கை பூவம்மாளுக்கு,

சம்பூர்ணம் டீச்சர் எழுதுவது. மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு கார்டுகூட இல்லை. கும்மிடிப்பூண்டியில் தபால்காரர் இல்லையா, அல்லது உனக்கு அக்காவே இல்லையா?

எனக்கு இங்கே பெரிதாகக் குறை ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு கொடுத்திருக்கிறார்கள். மழை இல்லை, காக்களூர் ஏரியில் மாடுகள் நடந்து போகின்றன. முழங்கால் வலி மட்டும் என்னைவிட்டுப் போவேனா என்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் சென்னையிலிருந்து விக்டோரியா என்று ஒரு அம்மாள் வந்திருந்தாள். ஒரு பெண்கள் கல்லூரியில் நூலகம் பார்ப்பவள். வருகிற வருஷத்தை உலகம் முழுக்கப் பெண்கள் வருஷமாகக் கொண்டாடப் போகிறார்களாம். அதையொட்டிச் சமாதானத்துக்காக வேலை செய்த பெண்களின் காகிதங்களை எல்லாம் சேர்த்து வைக்க அந்தக் கல்லூரியில் ஒரு அறை ஒதுக்கியிருக்கிறார்கள். அணுகுண்டு வேண்டாம் என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிய பட்டணத்துப் பெண்களின் தாள்கள் நாலு மூட்டை வந்துவிட்டதாம். நான் குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது நாம் நடத்திய ஏரி மாதர் சமாதானச் சங்கத்தைப் பற்றி யாரோ சொல்லி என்னைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"அது பெரிய யுத்தம் இல்லையம்மா, இறாலுக்கு நடந்த சண்டை" என்றேன். "செத்தவர்களுக்கு எல்லாம் ஒரே யுத்தம்தானே?" என்றாள்.

பிறகு எல்லாம் சொன்னேன். பழவேற்காடு ஏரியில் மேட்டுக்குப்பமும் ஓடைக்குப்பமும் வலை விடும் முறைக்காகப் படகில் நின்று அடித்துக்கொண்டதையும், ஓடைக்குப்பம் தாயாரம்மாள் மகன் துலுக்காணம் செத்ததையும், மறுநாள் இரண்டு பக்கமும் அரிவாளோடு படகேறியபோது நாற்பது பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நடுவே நின்றதையும் சொன்னேன். முதலில் இறங்கியது யார் என்று கேட்டாள். மேட்டுக்குப்பத்தில் ஒரு நிறைமாதக்காரி என்றேன். அவள் பேனா நின்றுவிட்டது.

நம் சங்கத்தின் நாலு நோட்டுகளும், மனு நகல்களும், கைநாட்டு வைத்த தாள்களும் உன் கட்டிலுக்கு அடியில் இருக்கிற தகரப் பெட்டியில்தானே இருக்கின்றன? அதை அப்படியே பூட்டோடு அனுப்பிவிடு. திறக்க வேண்டாம். பழைய காகிதம், கை பட்டால் உதிரும். விக்டோரியாவுக்கு அதற்கென்று மருந்தெல்லாம் தெரியும்.

செல்விக்கு என் முத்தம். மணவாளனை விசாரித்ததாகச் சொல்.

உன் அக்கா,
சம்பூர்ணம்

—

கும்மிடிப்பூண்டி,
19-8-1974

மதிப்புக்குரிய டீச்சரக்காவுக்கு உங்கள் பூவம்மாள் வணக்கத்தோடு எழுதிக்கொண்டது.

உங்கள் கடிதம் வந்த அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. செல்விக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். "அம்மா, நீ தண்ணியில நின்னப்ப நான் உள்ள இருந்தேனா?" என்று கேட்கிறாள். இருந்தாயடி, உதைத்துக்கொண்டு இருந்தாய் என்றேன்.

எழுதவில்லை என்று கோபிக்காதீர்கள். இங்கே வேலைக்குப் பஞ்சமில்லை. தண்ணீர்க் குழாயில் காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வருகிறது. கம்பெனியின் புகை துவைத்த துணி எல்லாவற்றிலும் படிகிறது. இவருக்கு உலையில் இரும்பு ஏற்றுகிற வேலை. திரும்பி வரும்போது முகம் அடையாளம் தெரியாது. ஏரிக்காற்றில் வளர்ந்தவளுக்கு இந்த ஊர் மூச்சு முட்டுகிறது அக்கா. "குப்பத்துக்கே போவலாமே" என்று சொன்னால் இவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறார். திருவிழாவுக்குக்கூட என்னையும் செல்வியையும் மட்டும் பஸ் ஏற்றிவிடுகிறார். இவர் அம்மா குப்பம்மாள் அத்தை செத்தபோது காரியத்துக்கு வந்தவர், பதினாறாம் நாள் திரும்பியவர்தான்.

பெட்டி பத்திரம். எழுதுவது உங்கள் வேலை, காப்பது என் வேலை என்று அன்றே பிரித்துக்கொண்டோமே! எட்டு வருஷத்தில் பாச்சை உருண்டை போடத் திறந்ததோடு சரி. கல்லூரியில் வைப்பார்கள் என்றதும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆனால் இவரிடம் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. "அந்தப் பழங்குப்பய ஏன் இன்னும் வெச்சிக்கினு கீற? அடுப்புல போட்டா வெந்நியாவது காயும்" என்றார். இப்படிப் பேசுகிறவர் இல்லை. எனக்கு மனசு விட்டுப்போயிற்று.

இவ்வளவு கனத்தை நான் ஒருத்தி ரயிலில் தூக்கிவர முடியாது. நீங்கள் வாருங்கள். மீன் குழம்பு வைக்கிறேன், சேர்ந்து போய்க் கொடுக்கலாம். பொருளாளர் கையாலும் செயலாளர் கையாலும் கொடுத்தால்தானே முறை?

உங்கள் தங்கை,
பூவம்மாள்

—

திருவள்ளூர்,
1-9-1974

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கண்டதிலிருந்து ஒரு நிலையில் இல்லை. உடனே வரத்தான் நினைத்தேன். பள்ளிக்கூடப் படியில் தவறி, வலிக்கிற முழங்காலிலேயே விழுந்துவிட்டேன். ஆறு வாரம் நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மணவாளனிடம் இதைப் பற்றி இனிப் பேசாதே. அவர் எதிரில் பெட்டியை இழுத்துக்கொண்டும் இருக்காதே. யாராவது வண்டியில் சென்னைக்குப் போகிறார்களா என்று பார். இல்லையென்றால் விக்டோரியாவையே உன் வீட்டுக்கு அனுப்புகிறேன், அவளுக்கும் தீபாவளி கழித்துத்தான் லீவாம். அதுவரை பெட்டி அங்கேயே இருக்கட்டும். பூட்டைத் தொடாதே. நான் சொல்வதைக் காரணம் கேட்காமல் ஒரு முறை கேள்.

உனக்கு இப்படி உத்தரவு போட்டு எழுதியதில்லை. வலியில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

சம்பூர்ணம்

—

கும்மிடிப்பூண்டி,
27-10-1974

டீச்சரக்காவுக்கு,

கால் எப்படி இருக்கிறது? எண்ணெய் தேய்த்து ஒத்தடம் கொடுக்க ஆள் இருக்கிறதா? தனியாக இருந்து என்ன பாடு படுகிறீர்களோ என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

ஒரு தப்பு நடந்துவிட்டது. வாரம் முழுக்க அடைமழை. தகரக் கூரையில் ஆணி போன இடமெல்லாம் ஒழுக்கு. செவ்வாய்க்கிழமை தெருத் தண்ணீர் உள்ளே வந்து கட்டிலுக்கு அடியில் முழங்கால் உயரம் நின்றது. செல்வியைத் தூக்கிக் கட்டில்மேல் விட்டுவிட்டுப் பெட்டியை இழுத்தால், அடியில் துரு அரித்து ஓட்டை. தண்ணீர் குடுகுடு என்று ஊற்றியது. நீங்கள் திறக்காதே என்றீர்கள். திறக்காமல் விட்டால் ஒரு காகிதமும் மிஞ்சாது. திறந்துவிட்டேன்.

பயப்படாதீர்கள், முக்கால்வாசி பிழைத்துவிட்டது. வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் வலைக்கயிறு கட்டி ஒவ்வொரு தாளாகப் போட்டிருக்கிறேன். நோட்டுகளைப் பிரித்து, நடுவில் பழைய துணி வைத்து, விசிறியால் வீசிக் காயவைக்கிறேன். இவர் குனிந்து குனிந்து கயிற்றுக்கு அடியில் போகிறார்.

காயவைக்கிற சாக்கில் படித்தும் விட்டேன் அக்கா. முதல் நோட்டில் நாம் தண்ணீரில் நின்றதை எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறீர்கள்! "கிழவி ஒருத்தி தன் மகன் படகின் முனையைப் பிடித்துக்கொண்டு, என்னை ஏத்திட்டுப் போ பாக்கலாம் என்றாள்" என்று படித்ததும் அழுதுவிட்டேன். அது எங்கள் அத்தைதானே? பேர் போடாமல் விட்டுவிட்டீர்களே. இரண்டாவது நோட்டில் கலெக்டருக்குப் போட்ட மனு. வலை முறையை இரண்டு குப்பமும் நாள் மாற்றி நாள் பிரித்துக்கொண்ட ஒப்பந்தம். மூன்றாவதில் பாதிப் பக்கம் மை கரைந்து நீலமாகிவிட்டது. அதில் இருந்ததை நீங்களும் நானும் உட்கார்ந்து ஞாபகப்படுத்தி எழுத வேண்டும்.

கூட்டக் குறிப்புகள் எழுதிய நாலாவது நோட்டு இன்னும் சொதசொத என்று இருக்கிறது. நாளைக்கு வெயில் வந்தால் பிரிப்பேன்.

உங்கள் தங்கை,
பூவம்மாள்

—

(தபால் கார்டு)

திருவள்ளூர்,
30-10-1974

பூவம்மா, நாலாவது நோட்டைப் பிரிக்காதே. ஈரத்தோடு துணியில் சுற்றி வை. கெட்டாலும் பரவாயில்லை. சனிக்கிழமை நானே புறப்பட்டு வருகிறேன். — சம்பூர்ணம்

—

கும்மிடிப்பூண்டி,
1-11-1974

டீச்சருக்கு,

கார்டு இன்றைக்குத்தான் வந்தது. வர வேண்டாம்.

கீழே இருப்பது நாலாவது நோட்டில் பதினோராம் பக்கம். எழுத்துக் கலையவில்லை. பார்த்து எழுதியிருக்கிறேன்.

"21-8-1966. ஓடைக்குப்பம் தாயாரம்மாள் வீட்டு வாசலில் கூட்டம். மேட்டுக்குப்பம் குப்பம்மாள் தானாக எழுந்து சொன்னது: 'ஒம் புள்ள தண்ணியில உயுந்து சாவல தாயாரு. எம் மவன் மணவாளன்தான் படகு தள்ற கழியால மண்டையில அட்ச்சான். கரையில நின்னு ரெண்டு கண்ணால பாத்தேன். என்னால சோறு துன்ன முடியல. நீ இன்னா பண்ணாலும் சரி. எம் மருமவளுக்கு மட்டும் தெரிய வாணாம். நாலு நாளு முன்னதான் பெத்துக் கெடக்கறா.' தாயாரம்மாள் சொன்னது: 'போலீசுக்குப் போவாதீங்க. போனா இன்னும் பத்துப் பொணம் உயும். ஆனா டீச்சரம்மா, நீ எழுது. எங்கனா ஒரு எடத்துல எழுதி இருக்கணும்.' முப்பத்தெட்டுப் பேர் சம்மதித்துக் கைநாட்டு, கையெழுத்து."

இது உங்கள் கையெழுத்துதானே டீச்சர்?

பூவம்மாள்

—

திருவள்ளூர்,
5-11-1974

என் பூவம்மா,

என் கையெழுத்துதான்.

சனிக்கிழமை புறப்பட நின்றபோது உன் கடிதம் வந்தது. மூன்று தாள் எழுதிக் கிழித்தேன். இது நாலாவது. இதையும் கிழிப்பதற்குள் போட்டுவிடுகிறேன்.

அன்று உன் மாமியார் அதைச் சொல்லப் போகிறாள் என்று யாருக்கும் தெரியாது. வலை முறை பேசத்தான் கூடினோம். அவள் சொல்லி முடித்ததும் இரண்டு குப்பத்துப் பெண்களும் தாயாரம்மாள் வாயையே பார்த்துக்கொண்டு இருந்தோம். அவள் ஒரு கூச்சல் போட்டிருந்தால் போதும், அடுத்த தெருவில் ஆம்பிளைகள் அரிவாளோடு நின்றார்கள். அவள் கூச்சல் போடவில்லை. எழுது என்றாள். முதல் வரியை இரண்டு முறை எழுதினேன். பார்த்திருப்பாய்.

உனக்குச் சொல்லக் கூடாது என்று குப்பம்மாள் ஒவ்வொருத்தியின் கையிலும் அடித்துச் சத்தியம் வாங்கினாள். பச்சை உடம்புக்காரி, பால் வற்றிவிடும் என்றாள். அப்போது எனக்கும் அது நியாயமாகப்பட்டது. செல்வி நடந்த பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். நடந்தாள். பேசிய பிறகு என்று நினைத்தேன். பேசினாள். அப்புறம் நீ கூட்டத்துக்குக் கூட்டம் முன்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டு இருந்தாய். அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு வாய் வரவில்லை. இதுதான் உண்மை. சத்தியம் ஒரு பக்கம், என் கோழைத்தனம் ஒரு பக்கம்.

பெட்டியைத் திறக்காதே என்றது காகிதத்துக்காக இல்லை. நீ புரிந்துகொண்டிருப்பாய்.

அப்படியானால் எதற்காக அதைக் கல்லூரிக்குக் கொடுக்கத் துடித்தாய் என்று கேட்பாய். தாயாரம்மாளுக்குக் கொடுத்த வாக்கு அது ஒன்றுதான், பூவம்மா. எழுதி இருக்க வேண்டும் என்றாள். உன் கட்டிலுக்கு அடியில் துருப்பிடிக்கிற பெட்டியில் எத்தனை நாள் எழுதி இருக்கும்?

மணவாளனிடம் அவசரப்பட்டு எதுவும் கேட்டுவிடாதே. அவர் கெட்டவர் இல்லை. அந்தச் சண்டையில் எல்லாருக்கும் வெறி. ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

சம்பூர்ணம்

—

திருவள்ளூர்,
15-12-1974

பூவம்மா,

நாற்பது நாளாயிற்று. தபால்காரர் மணியடித்தால் காலை இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறேன். இந்த மௌனத்துக்கு நான் தகுதியானவள்தான். ஆனாலும் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும்.

விக்டோரியாவிடம் பேர் சொல்லாமல் கேட்டேன். இப்படிப்பட்ட பக்கங்களை உறையில் போட்டு அரக்கு வைத்து முப்பது வருஷம் யாரும் பார்க்காமல் வைக்க வழி இருக்கிறதாம். வக்கீல் ஒருவரையும் கேட்டேன். கொலைக்கேஸுக்குக் காலக்கெடு கிடையாதாம், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாமாம். அதனால் மூடி வைப்பதுதான் நல்லது.

அதுவும் வேண்டாம் என்றால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடு. எழுதினவள் நானே சொல்கிறேன். தாயாரம்மாளிடம் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். உன் வீடு உடைய வேண்டாம்.

நன்றாக இருக்கிறாயா என்று மட்டும் எழுது.

சம்பூர்ணம்

—

கும்மிடிப்பூண்டி,
20-1-1975

சம்பூர்ணம் டீச்சருக்கு,

உங்கள் இரண்டு கடிதமும் வந்தன. கிழிக்கவில்லை. நடந்ததை எழுதிவிடுகிறேன். நீங்கள் செயலாளர், தெரிய வேண்டும்.

அந்தப் பக்கத்தைப் படித்த பிறகு எட்டு நாள் நான் இவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போட்டேன், துணி துவைத்தேன். இவர் கையைப் பார்க்கிறபோதெல்லாம் கழி தெரிந்தது. ஒன்பதாம் நாள் நோட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பொன்னேரியில் இறங்கி, பழவேற்காடு பஸ் பிடித்து, ஓடைக்குப்பம் போனேன்.

தாயாரம்மாள் வாசலில் இறால் காயவைத்துக்கொண்டு இருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாடி, படிச்சிட்டியா?" என்றாள். நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

"எட்டு வருசமா ஒன் மூஞ்சிய பாக்கறப்பல்லாம், இவளுக்குத் தெரிஞ்சிருக்குமான்னு பாத்துக்கினே இருப்பேன். இன்னிக்கித் தெரிஞ்சிருக்குது. உக்காரு" என்றாள்.

கல்லூரி விஷயத்தைச் சொன்னேன். நீங்கள் எழுதுவதற்கு முன்னாலேயே எனக்கும் அந்த யோசனை வந்திருந்தது. "நாம எல்லாம் செத்தப்பறம் படிக்கிற மாதிரி மூடி வைக்கச் சொல்லலாமா?" என்று கேட்டேன். இறாலைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "சர்க்கார் காயிதத்துல எம் புள்ள தண்ணியில மூய்கிப் பூட்டான்னு எழுதிக்கிறாங்க. ஏரியிலயே பொறந்தவன் மூய்கிட்டானாம்! ஊரே சிரிக்கும். ஒலகத்துல இந்த ஒரு நோட்டுலதான் அவன் மூய்கல. அதயும் மூடுவியா?"

"ஒம் புருசன் ஜெயிலுக்குப் போவணும்னு நான் கேக்கல. கேட்டிருந்தா அன்னிக்கே கேட்டிருப்பேன். நீ யோசிச்சி செய்" என்றாள். வரும்போது ஒரு பொட்டலம் இறால் கட்டிக் கொடுத்தாள். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எப்படி வாங்கினேன் என்று இன்னும் தெரியவில்லை.

இவரிடம் கேட்க எனக்கு மார்கழி பாதிக்கு மேல் ஆயிற்று. ஒரு நாள் முதல் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டு எழுந்தார். உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படித்தேன்.

"எங்கம்மாவா சொல்லிச்சி?" என்றார்.

"ஆமா."

"எத்தினி பேருக்குத் தெரியும்?"

"முப்பத்தெட்டு."

"அத்தினி பேருமா?" என்றார். "அம்மா காரியத்துக்கு வந்தப்ப அல்லாரும் வந்து பக்கத்துல உக்காந்தாங்களே. தண்ணி மொண்டு குடுத்தாங்களே. தெரிஞ்சிக்கினா குடுத்தாங்க?"

யாருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டு இத்தனை வருஷம் இந்த மனுஷர் ஏரிக்கு ஒளிந்து இருந்திருக்கிறார் டீச்சர். திடீரென்று எழுந்து நோட்டைப் பிடுங்கிக்கொண்டு அடுப்புக்குப் போனார். நெருப்பு இருந்தது. நான் தடுக்கவில்லை. தடுக்கக் கூடாது என்று இல்லை, எழுந்திருக்க முடியவில்லை. அடுப்பு முன்னால் நின்று அந்தப் பக்கத்தையே பார்த்தார். இவருக்குக் கம்பெனியில் சொல்லிக் கொடுத்த கையெழுத்தைத் தவிர எழுத்துத் தெரியாது.

"இதுல எங்கம்மா ரேகை எதுடி?" என்றார்.

போய்க் காட்டினேன். மூன்றாவது வரிசையில் முதல். ஒரு விரலால் அதன்மேல் தொட்டார். நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். பொழுது சாயும்வரை வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, 12-ந்தேதி, இவரே "போவலாம்" என்றார். ஓடைக்குப்பத்தில் இவர் இறங்கியபோது வலை பின்னிக்கொண்டு இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தாயாரம்மாள் வாசலில் நின்றார். உள்ளே வா என்றும் அவள் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"நான்தான் அட்ச்சேன்" என்றார்.

"தெரியும். அது எனுக்குப் பழசு. எனுக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியல. அவன் கடைசியா எதனா சொன்னானா?"

இவர் ஏரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "'அண்ணா, வாணாம்'ன்னான்" என்றார்.

தாயாரம்மாள் மெல்ல உட்கார்ந்தாள். அழவில்லை. மண்ணை இரண்டு கையாலும் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அதயும் எழுதிடு" என்றாள். அங்கேயே உட்கார்ந்து அந்தப் பக்கத்துக்குக் கீழே எழுதினேன். இவர் கையெழுத்துப் போடவில்லை, ரேகை வைத்தார். தாயாரம்மாளும் வைத்தாள்.

பொங்கல் முடிந்த மறுநாள் பெட்டியை இவரே தலையில் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். சென்னையில் விக்டோரியா அம்மாள் எல்லாவற்றையும் எண்ணி எழுதி வாங்கிக்கொண்டார். நாலாவது நோட்டைப் படித்ததும் முகம் வெளுத்துவிட்டது. மூடி வைக்கட்டுமா, மூடி வைக்கட்டுமா என்று மூன்று முறை கேட்டார். "தெறந்தே இருக்கட்டும்" என்று இவர்தான் சொன்னார்.

இப்போது வாசலில் ஜீப் சத்தம் கேட்டால் இவர் எழுந்து நிற்கிறார். நானும் எழுந்து நிற்கிறேன். ஜீப் போய்விடுகிறது. இந்த மனுஷரோடு எப்படி இருக்கிறாய் என்று கேட்பீர்கள். தெரியவில்லை. ஒரு நாள் பரிதாபமாக இருக்கிறது, ஒரு நாள் வீட்டைவிட்டு ஓடலாம்போல இருக்கிறது. ஆனால் இப்போது நான் யாரோடு இருக்கிறேன் என்றாவது தெரிகிறது.

உங்கள் விஷயம். இவர் என்னிடம் மறைத்தது பயத்தால். அது எனக்குப் புரிகிறது. நீங்கள் மறைத்தது என்மேல் அன்பால். அதுதான் பொறுக்கவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து, ஒருத்திக்கொருத்தி ஒளிக்காமல் இருந்தால்தான் இந்தச் சங்கம் நிற்கும் என்று நான் பேசுவேன். நீங்கள் முப்பத்தெட்டுப் பேரும் தலையாட்டுவீர்கள். என்னைப் பார்த்து எவ்வளவு பாவமாக இருந்திருக்கும் உங்களுக்கெல்லாம்! அந்தச் சங்கத்தில் சேராத ஒரே ஆள் நான்தான் டீச்சர். பெட்டியை மட்டும் சுமந்தேன்.

இனி எழுத வேண்டாம். வரவும் வேண்டாம். ஆறினால் நானே கூப்பிடுகிறேன். ஆறுமா என்று எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
ம. பூவம்மாள்

—

திருவள்ளூர்,
1-3-1975

பூவம்மா,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றை எழுதாமல் இருந்தால் மறுபடியும் உன்னிடம் ஒன்றை மறைத்தவளாவேன். பதில் வேண்டாம்.

நேற்று விக்டோரியாவின் கல்லூரிக்குப் போனேன். நம் காகிதங்களைப் பழுப்பு அட்டைகளில் போட்டு, வெள்ளை நாடாவால் கட்டி, ஏரி மாதர் சமாதானச் சங்கம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு முன்னாலேயே தாயாரம்மாள் வந்துவிட்டுப் போயிருக்கிறாள். யாரையோ துணைக்கு அழைத்துக்கொண்டு, கூடையில் கருவாடு எடுத்துக்கொண்டு வந்தாளாம். பக்கத்தைப் படிக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டாளாம். மகன் பேர் எந்த எழுத்து என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனாளாம். அந்த அறைக்கு வந்த முதல் வாசகி அவள்தான் என்று விக்டோரியா சொன்னாள்.

நாலாவது நோட்டைக் கேட்டு வாங்கினேன். நீ எழுதியதைப் படித்தேன். அப்புறம் என் கண் பக்கத்தின் தலைப்புக்குப் போயிற்று. அன்று வழக்கம்போல வந்தவர் பேர்களை எழுதிவிட்டு, "வராதவர்: பொருளாளர் பூவம்மாள் (பேறுகாலம்)" என்று எழுதியிருந்தேன். அதை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் நீ எழுதியிருக்கிறாய்: "வராதவள் இல்லை. அழைக்கப்படாதவள்."

நீ பெற்றுப் படுத்திருந்தது தாயாரம்மாள் வீட்டிலிருந்து படகில் அரைமணி தூரம். அந்தக் கூட்டத்தையே உன் வாசலில் நடத்தியிருக்கலாம். எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

பையிலிருந்து பேனாவை எடுத்தேன். உன் திருத்தம் சரி என்று செயலாளராகக் கையெழுத்துப் போட நினைத்தேன். விக்டோரியா என் கையைப் பிடித்துவிட்டாள். "அம்மா, உள்ளே வந்துவிட்ட காகிதத்தில் இனி யாரும் எழுதக் கூடாது. எழுதினவர்களே ஆனாலும் கூடாது" என்றாள். என் நோட்டம்மா, நான் எழுதியது தப்பம்மா என்று கெஞ்சினேன். முடியாது என்றுவிட்டாள். வேண்டுமானால் தனிக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள், கூடவே சேர்த்து வைக்கிறேன் என்றாள்.

ஒரு வெள்ளைத்தாள் கொடுத்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு மணி நேரம் யோசித்தேன். சத்தியம் வாங்கியது, பச்சை உடம்பு, ஊர் நிலைமை என்று என்னென்னவோ வந்தது. எல்லாம் எனக்கு நானே வாதாடுவதாக இருந்தது. கடைசியில் இரண்டே வரி எழுதினேன். "21-8-1966 அன்று பூவம்மாளை நாங்கள் அழைக்கவில்லை. அழைத்திருக்க வேண்டும்." கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். விக்டோரியா அதற்கு ஒரு எண் போட்டு அட்டைக்குள் வைத்தாள்.

சென்ட்ரலுக்கு வந்தேன். அரக்கோணம் வண்டிக்கு நேரம் இருந்தது. பக்கத்து பிளாட்பாரத்தில் கூடூர் பாசஞ்சர் நின்றது. கும்மிடிப்பூண்டிக்கு எவ்வளவு நேரத்தில் போகும் என்று ஒருவரைக் கேட்டேன். ஒன்றரை மணி நேரம் என்றார். ஏறி உட்கார்ந்தேன். செல்விக்கு என்ன வாங்குவது என்றுகூட யோசித்துவிட்டேன். வண்டி ஊதியது. நீ கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

இந்த முறை அழைக்கப்படாதவள் நான். அப்படியே இருக்கிறேன்.

சம்பூர்ணம்